வேனிற்பள்ளியும் கூதிர்ப்பள்ளியும்: நெடுநல்வாடை காட்டும் காற்று, ஒளி, வெப்பம்

ஆய்வுச் சுருக்கம்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை குளிர்காலத்து நகரையும் அரண்மனையையும் பாடுவது. கட்டடத்தில் காற்றும் ஒளியும் வெப்பமும் எவ்வாறு ஆளப்பட்டன என்பதற்கு இந்நூல் தரும் சான்றுகளை மதுரைக்காஞ்சி, பட்டினப்பாலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றின் சான்றுகளோடு வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. உடலுக்கு இதமான நிலையைக் கட்டடத்தின் நிலைத்த பண்பாக இந்நூல்கள் கருதவில்லை. பருவந்தோறும் இடத்தையும் திறப்பையும் பொருளையும் மாற்றிக்கொள்ளும் வழக்கமாகவே கண்டன. அவ்வழக்கத்தைக் கைக்கொள்ளும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்பதையும் நெடுநல்வாடையே காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: நெடுநல்வாடை, வேனிற்பள்ளி, கூதிர்ப்பள்ளி, சாளரம், நிலாமுற்றம், வெப்ப இதம்

சான்றின் இயல்பு

பழந்தமிழர் வீடுகளின் தரை எவ்வாறு இருந்தது என்பதை அகழாய்வு ஓரளவு காட்டுகிறது. கீழடியில் செங்கற் கட்டுமானங்களும் கூரை ஓடுகளும் கிடைத்துள்ளன. எனினும் அகழாய்வில் வெளிப்படும் சுவர்கள் பெரும்பாலும் அடித்தளத்தை ஒட்டிய சில வரிசைகளே. சாளரம் இருந்திருக்கக்கூடிய உயரம் வரை எழுந்து நிற்கும் சுவர் அரிது. மரத்தாலான கதவும் தாழும் மண்ணில் மக்கிவிடும். ஆகவே அக்காலக் கட்டடங்களில் காற்று எவ்வழியே புகுந்தது, ஒளி எவ்வளவு விழுந்தது என்னும் வினாக்களுக்கு இலக்கியமே முதன்மையான சான்றாக நிற்கிறது. அச்சான்று புலவரின் நோக்கத்திற்கு ஏற்ப அமைந்தது என்பதையும் உடன் கருத வேண்டும்.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகளைக் கொண்டது. வேம்பு சூட்டிய வேல் என்னும் குறிப்பைக் கொண்டு பாட்டுடைத் தலைவனைப் பாண்டியன் என்பது மரபு. பாட்டில் வரும் நகரை மதுரையாகக் கொள்வது அதன் வழிப் பெறப்படும் முடிபு. 1889இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்த பின்னர் இந்நூல் பற்றிய ஆய்வுகள் பல வந்துள்ளன. அவற்றுட் பல இது அகமா புறமா என்னும் வினாவைச் சுற்றியே அமைந்தன. கட்டடக்கலை நோக்கில் எழுதியோர் அரண்மனைக்கு நாள் பார்த்துக் கயிறிட்ட பகுதியை எடுத்துக்காட்டிப் பெருமிதம் கொள்வதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். பாட்டின் முற்பாதியில் உள்ள அன்றாடச் செய்திகளே இப்பொருளுக்கு வளமான சான்றுகள்.

எதிர்மறையால் அறியப்படும் வேனில்

குளிர்காலத்தைப் பாடும் நக்கீரர், மக்கள் என்ன செய்கின்றனர் என்பதைவிட என்ன செய்யாது விட்டனர் என்பதைக் கூறுவதில் ஒரு தனிக் கவனம் செலுத்துகிறார். பேணார், புனையார், உண்ணார் என எதிர்மறை வினைகள் தொடர்கின்றன. வடநாட்டார் கொணர்ந்த சந்தனக்கல், தென்னாட்டுச் சந்தனத்தோடு கைவிடப்பட்டுக் கிடக்கிறது. மகளிர் மாலை தொடுத்து அணிவதில்லை. கைத்தொழில் வல்லவன் செய்த செந்நிற வட்ட விசிறி சுருக்கப்பட்டு, வளைந்த முளையில் சிலந்தி நூல் படியத் தொங்குகிறது. குவிந்த வாயையுடைய கன்னலில் உள்ள குளிர்நீரை யாரும் பருகவில்லை. அகன்ற வாயையுடைய தடவில் இட்ட நெருப்பையே நாடுகின்றனர்.

இப்பகுதியைக் குளிரின் வருணனை என்று மட்டும் படிப்பது போதாது. கைவிடப்பட்டவற்றைத் தொகுத்தால் அது வேனிற்காலத்து வீட்டின் பொருட்பட்டியலாக அமைகிறது. உடலிற் பூசச் சந்தனம், வியர்வை உலர விசிறி, நீரைக் குளிர வைக்கும் குறுகிய வாய்க்கலம், தென்றல் வரும் மேல்நிலைப் பள்ளி. குளிரைப் பாடும் பாட்டு வெயிற்காலத்தின் முழு ஏற்பாட்டையும் பாதுகாத்து வைத்திருக்கிறது. விசிறியிற் படிந்த சிலந்தி நூல் இன்னும் நுட்பமான செய்தியைத் தருகிறது. ஒரு நாள் மழையால் விசிறி சும்மா இருக்கவில்லை. நூல் படியும் அளவுக்குப் பல நாள் தீண்டப்படாது இருந்திருக்கிறது. ஆகவே புலவர் காட்டுவது ஒருநாள் வானிலையன்று. ஒரு பருவம் நிலைத்துவிட்ட பின் வீடு எவ்வாறு மாறியமைந்தது என்பதேயாம்.

இதே முறையில் யாழும் சான்றாகிறது. குளிர்ச்சியால் நரம்பின் இன்குரல் திரிந்துவிட, ஆடல் மகளிர் தம் மார்பின் வெம்மையில் நரம்பைத் தடவிப் பண்ணுக்கு ஏற்ப நிறுத்துகின்றனர். காற்றின் ஈரமும் வெப்பநிலையும் மாறும்போது நரம்பின் இழுவிசை மாறுவதும் சுருதி பிறழ்வதும் இசைக்கருவியாளர் இன்றும் அறிந்தவை. வெப்பமானி இல்லாத காலத்தில் ஓர் அறையின் ஈரத்தையும் தண்மையையும் பதிவுசெய்த கருவியாக யாழைக் கருதலாம்.

தென்வளி தரும் திறப்பு

வேனிற்பள்ளி என்னும் சொல்லாட்சி நெடுநல்வாடையில் தென்வளியோடு சேர்ந்தே வருகிறது. தென்றலைத் தரும் நேர்வாயையுடைய ‘கட்டளை’ அப்பள்ளியில் இருந்தது. இதற்குச் சாளரம் என்று பொருள் கொள்வது உரைமரபு. அங்கே இருகதவும் பொருந்தும் வாயையுடைய கதவு தாழிடப்பட்டுக் கிடக்கிறது என்கிறார் புலவர்.

இங்கு ஒரு வினா எழுகிறது. வீசுவது வாடை, அதாவது வடகாற்று. மூடப்பட்டதோ தென்றல் வரும் திறப்பு. வடக்கிலிருந்து வரும் குளிரைத் தடுக்கத் தெற்குச் சாளரத்தை அடைப்பானேன்? பாட்டின் உணர்ச்சி நோக்கில் விடை எளிது: காதலர் கூடியிருக்கும் காலத்துக்குரிய தென்றலின் வழி அடைபட்டது என்பது பிரிவுத்துயரைக் கூட்டுகிறது. கட்டட நோக்கிலும் ஒரு விடை உண்டு. அறையினுள் காற்று ஓடுவதற்கு நுழைவாயில் மட்டும் போதாது. வெளியேறும் வாயும் வேண்டும். வடபுறத்து இடுக்குகள் வழியே புகும் வாடை தென்புறத் திறப்பு வழியே வெளியேறும். காற்று வீசும் திசைக்கு மறுபுறத்தில் உண்டாகும் தாழ்ந்த அழுத்தமே அறையின் ஊடே காற்றை இழுக்கும். வெளியேறும் வாயை அடைத்தால் அறை அமைதியடையும். இதைப் புலவர் அறிந்து பாடினார் எனத் துணிய வேண்டியதில்லை. ஆயினும் அவர் கூறும் செயல், காற்றியக்கத்தின் இயல்போடு முரண்படவில்லை என்பது குறிக்கத்தக்கது.

காற்றுவழியைக் கட்டடத்தின் சிறப்பாகக் கூறுவது பத்துப்பாட்டில் பிறவிடங்களிலும் உண்டு. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, வானளாவிய நல்ல இல்லங்களுக்குப் பல புழைகள் இருந்ததையும் அவற்றில் மெல்லிய காற்று ஒலித்ததையும் கூறுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வீடுகளின் திண்ணை, பல கட்டுகள், புழை, வாயில், இடைகழி ஆகியவற்றை அடுக்கிச் சொல்கிறது. வளி நுழையும் வாய்களில் நின்று மகளிர் விழாக் காண்பதும் அந்நூலில் வருகிறது. புழையும் சாளரமும் வளி நுழையும் வாயும் அளவாலும் இடத்தாலும் வேறுபட்டவையாக இருந்திருக்கலாம். ஒரே பொருளைச் சுட்டும் பல சொற்கள் என்று அகராதி வழியில் அவற்றை இணைத்துவிடுவது இவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.

சிலப்பதிகாரத்தில் இவ்வழக்கம் ஒரு முழுமையான இணையாக வளர்ந்திருக்கிறது. மனையறம்படுத்த காதையில் கோவலனும் கண்ணகியும் நெடுநிலை மாடத்தின் இடைநிலையில் இருக்கும்போது சாளரத்தின் குறுங்கண் வழியே தென்றல் நுழைகிறது. பின்பு அவர்கள் மேலே திறந்த அரமியத்திற்கு ஏறுகின்றனர். மதுரையைக் காட்டும் ஊர்காண் காதையில் கூதிர்க்காலத்தில் குறுங்கண் அடைக்கப்படுகிறது. முன்பனிக்காலத்தில் கதிரவன் தெற்கே சாய, மகளிரும் மைந்தரும் முன்றிலில் இளவெயில் காய்கின்றனர். அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிலோ கணவரைப் பிரிந்த மகளிர் வேனிற்பள்ளிக்குச் செல்லாமல் கூதிர்ப்பள்ளியின் குறுங்கண்ணை அடைத்துக்கொள்கின்றனர். சந்தனத்தையும் முத்தாரத்தையும் மார்பில் அணியாது விடுகின்றனர். குளிர்ச்சி தருவனவற்றைத் துறப்பது துயரின் மொழியாகிறது. பருவத்துக்கு ஏற்ற அறை எது என்பதை எல்லோரும் அறிந்திருந்த சமூகத்தில் மட்டுமே பொருந்தாத அறையைத் தேர்வது இவ்வாறு பொருள்படும். காப்பியத்தின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. எனினும் இரு பள்ளிகள் என்னும் வழக்கம் நெடுநல்வாடையிலிருந்து காப்பியம் வரை தொடர்ந்திருப்பது தெளிவு.

வெண்முற்றம்

நக்கீரர் காட்டும் அரண்மனையில் நிலவின் பயனைக் கொள்வதற்கென ஒரு நெடிய வெண்முற்றம் உண்டு. பாட்டு நிகழும் கூதிரில் அங்கே நிலவில்லை. மீன் வாய் போன்ற அம்பணம் நிறைந்து மழைநீர் அருவிபோல் ஒலித்து வீழ்கிறது. கோடையில் உறங்கும் தளமே மழையில் நீர் வடியும் தளமாக மாறுகிறது.

இத்தளம் வெண்மையாய் இருந்தது என்பதில் ஓர் இயற்பியல் உண்மையும் அடங்கும். மதுரை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 9.9 பாகை அகலாங்கில் உள்ளது. கதிரவன் அங்கே ஆண்டில் இருமுறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும், நண்பகலில் உச்சிக்கு நேராக நிற்கும். மார்கழியில் மிகத் தெற்கே செல்லும்போதும் நண்பகல் உயரம் ஏறத்தாழ 57 பாகை. ஆகவே இந்நிலப்பகுதியில் கட்டடத்துக்கு வெப்பத்தை மிகுதியாகக் கொடுப்பது கூரையே. காலையும் மாலையும் தாழ்ந்த வெயில் படும் கிழக்கு, மேற்குச் சுவர்கள் அதற்கு அடுத்தவை. சுண்ணச் சாந்து பூசிய வெண்தளம் பகலில் வெயிலைப் பெருமளவு திருப்பிவிடும். இரவில் தெளிந்த வானத்தை நோக்கி வெப்பத்தை உமிழ்ந்து விரைவில் குளிரும். புலவர் வெண்மையைச் சொன்னது நிலவொளி பொலிவதற்காக. வெயிலைத் திருப்பும் பயன் சொல்லப்படாமலேயே கிடைத்திருக்கிறது. கோடையில் மொட்டைமாடியில் நீர் தெளித்துப் பாய் விரித்துப் படுக்கும் வழக்கம் மின்விசிறியும் குளிரூட்டியும் பரவும் வரை தமிழகத்தில் பெருவழக்காக இருந்ததை இதனோடு ஒப்பிடலாம்.

நண்பகலில் இருகோல் நாட்டி நிழல் சாயாத வேளையை அறிந்து, நூலறிந்தோர் கயிறிட்டுத் திசை குறித்த செய்தியும் இங்கே கருதத்தக்கது. நச்சினார்க்கினியர் இதனைச் சித்திரைத் திங்களின் நடுப்பகுதிக்கு உரியதாக விளக்குகிறார். மதுரையில் ஏப்ரல் நடுவில் நிழல் மறையும் என்னும் வானியல் கணக்கோடு இவ்வுரை பொருந்துகிறது. உரையாசிரியரின் நுண்ணறிவுக்கு இது நல்ல சான்று. எனினும் இப்பகுதியைக் கொண்டு, பழந்தமிழர் காற்றோட்டத்திற்காகவே திசை வகுத்தனர் என்று முடிப்பது நூல் கூறாததைக் கூறுவதாகும். திசை குறித்தோர் அத்திசைத் தெய்வங்களை நோக்கினர் என்றே பாட்டு சொல்கிறது. உடல் இதம் பற்றிய செய்தி அவ்விடத்தில் இல்லை. அச்செய்தி சிலந்தி படிந்த விசிறியிலும் தாழிட்ட சாளரத்திலும் இருக்கிறது.

அடைத்த அறையின் ஒளி

சாளரத்தை அடைத்தால் காற்றோடு ஒளியும் நிற்கும். கண்ணாடி இல்லாத காலத்தில் இவ்விரண்டையும் பிரித்து ஆள வழியில்லை. நெடுநல்வாடையில் இதன் விளைவு தெளிவாகத் தெரிகிறது. மழையிருளில் பொழுது தெரியாமல் மனைப்புறாக்கள் இரவும் பகலும் மயங்கி, இரை தேடச் செல்லாது கூரையின் தாங்குபலகையில் இருக்கின்றன. மகளிர் பிச்சியரும்பு மலரும் மணத்தால் மாலை வந்ததை அறிந்து இரும்பு விளக்கில் நெய்த்திரி ஏற்றுகின்றனர். கண்ணால் அறிய வேண்டிய பொழுதை மூக்கால் அறிகின்றனர்.

அரண்மனையில் யவனர் செய்த பாவை ஏந்திய அகல் நெய் நிறைந்து எரிகிறது. அங்குள்ள சுவர்கள் செம்பினால் ஆனவை போலவும், பூசிய சுதை வெள்ளி போலவும் விளங்குவதாகப் பாட்டு கூறுகிறது. மெருகேற்றிய சுவர் சிறு சுடரின் ஒளியையும் பரப்பும் என்பதால், இவை அழகுக்கு மட்டும் உரியவை அல்ல என ஊகிக்கலாம். அடைத்த அறையில் தடவு நெருப்பும் அகிற்புகையும் விளக்கின் கரியும் சேர்ந்திருக்கும். அப்புகையால் யாரும் வருந்தியதாகப் பாட்டு கூறவில்லை. புலவர் அதைக் கூறாதது வியப்பன்று. நறும்புகை அவர் கண்ணில் செல்வத்தின் அடையாளம்.

குளிர் எவ்வளவு?

இக்கால மதுரையில் மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை சராசரியாக 20 பாகை செல்சியசை ஒட்டியே இறங்குகிறது. கூதிர்ப்பருவம் அதைவிடவும் வெதுவெதுப்பானது. அந்நிலையில் தடவு நெருப்பும், கைகளைத் தீயிற் காய்ச்சிக் கன்னம் நடுங்கும் கோவலரும் புலவரின் மிகைக்கூற்றோ என்னும் ஐயம் எழலாம்.

இந்த ஐயத்திற்கு விடை காண வெப்ப இதம் பற்றிய இருபதாம் நூற்றாண்டு ஆய்வின் வரலாறு உதவுகிறது. 1923இல் அமெரிக்காவில் ஹௌட்டனும் யாக்லூவும் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றோட்டம் ஆகியவற்றை ஒருங்கிணைத்த ஓர் அளவீட்டை உருவாக்கினர். 1970இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாங்கர் காற்றின் வெப்பநிலை, சுற்றுப்பரப்புகளின் கதிர்வீச்சு வெப்பநிலை, காற்றின் வேகம், ஈரப்பதம், உடலின் வளர்சிதை வீதம், உடையின் காப்பு என்னும் ஆறு காரணிகளைக் கொண்டு ஒரு சமன்பாட்டைத் தந்தார். அதன் அடிப்படை கட்டுப்படுத்திய அறைகளில் செய்த சோதனைகள். குளிரூட்டிய அலுவலகங்களின் வடிவமைப்பில் அச்சமன்பாடு பெருஞ்செல்வாக்குப் பெற்றது. களத்திலிருந்து வந்த தரவுகள் அதனோடு முழுதும் ஒத்துப்போகவில்லை. ரூர்க்கியிலும் பாக்தாதிலும் திரட்டிய பதிவுகளை 1974இல் ஆராய்ந்த நிக்கல், வெப்பநாட்டு மக்கள் மிக உயர்ந்த வெப்பநிலைகளிலும் இதமாக இருந்ததைக் காட்டினார். ஹம்ஃப்ரீசின் ஆய்வுகள் இதனை விரிவுபடுத்தின. 1998இல் டி டியரும் பிரேகரும் பல நாடுகளின் கட்டடத் தரவுகளைத் தொகுத்து, சாளரம் திறக்கும் கட்டடங்களில் வாழ்வோர்க்கு இதமான வெப்பநிலை வெளிப்புற வெப்பநிலையோடு சேர்ந்து மாறுகிறது என்று நிறுவினர். அக்கோட்பாட்டின்படி, உடையை மாற்றுவதும் இடத்தை மாற்றுவதும் சாளரத்தைத் திறப்பதும் அடைப்பதும் இதத்தின் பகுதிகளே.

கோடையில் 38 பாகை வெப்பத்திற்குப் பழகிய உடலுக்கு, ஈரக்காற்று வீசும் 20 பாகை உண்மையிலேயே குளிர்தான். நனைந்த மேனியோடு திறந்த வெளியில் நிற்கும் கோவலருக்கு அது நடுக்கமும் தரும். ஆகவே நக்கீரரை மிகைப்படுத்துபவர் என்று சொல்வதற்கு முன் அவர் காட்டும் மனிதர்களின் பழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். தெருவில் திரியும் மள்ளரைப் பற்றிய செய்தியும் இதனோடு இயைகிறது. தேறல் பருகி மகிழ்ந்த அவர்கள் தூறலைப் பொருட்படுத்தாமல் உலவுகின்றனர். கள் தோலில் வெம்மை உணர்வை உண்டாக்குமே தவிர உடலின் வெப்பத்தைக் காக்காது.

இதம் யாருக்கு?

பழந்தமிழ்க் கட்டடங்கள் இயற்கையோடு இயைந்தவை, ஆகவே அங்கு வாழ்ந்தோர் எல்லோரும் இதமாக வாழ்ந்தனர் என்னும் கருத்து இன்று பரவலாகக் கூறப்படுகிறது. நெடுநல்வாடை அதற்கு இடம் தரவில்லை. பருவந்தோறும் பள்ளியை மாற்ற வேண்டுமானால் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளி வேண்டும். மேல்நிலையும் கீழ்நிலையும், திறந்த முற்றமும் அடைத்த அறையும் ஒரே வீட்டில் வேண்டும். சாளரத்தைத் தாழிடவும் நறுங்கூட்டு அரைக்கவும் அகலில் நெய் வார்க்கவும் ஆட்கள் வேண்டும். கொள்ளின் நிறமுடைய கல்லில் நறுமணக் கூட்டு அரைக்கும் குறுந்தொழிலாளரைப் புலவர் ஒரு தொடரில் காட்டிவிட்டுக் கடந்து செல்கிறார். பாட்டின் தொடக்கத்தில் வெள்ளத்திற்கு அஞ்சி மேட்டுநிலத்துக்கு ஆநிரையை ஓட்டிய கோவலருக்கோ பள்ளி இல்லை, கொள்ளி உண்டு. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன, குரங்குகள் ஒடுங்குகின்றன, பறவைகள் வீழ்கின்றன. வாடை எல்லோர்மீதும் ஒன்றாகவே வீசுகிறது. அதை எதிர்கொள்ளும் கருவிகள்தாம் ஒன்றாக இல்லை. இதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை என இன்றைய ஆய்வாளர் போற்றுவது அன்று மாடம் உடையவர்க்கே வாய்த்தது.

அம்மாடத்தின் உள்ளேயும் அது பயன்தரவில்லை என்பதுதான் பாட்டின் மையம். வெப்பமும் ஒளியும் குறையாத அறையில், யானைக்கோட்டால் செய்த கட்டிலில் அரசி இருக்கிறாள்; செவிலியர் தேற்றியும் தேறவில்லை. கட்டடம் செய்யக்கூடிய அனைத்தையும் செய்துவிட்ட நிலையில் எஞ்சியிருக்கும் துன்பத்தையே நக்கீரர் பாட விரும்பியிருக்கிறார். அதற்காகவே கட்டடத்தை அத்தனை நுணுக்கமாகக் கட்டிக்காட்டினார் எனலாம்.

பாசறைக் காட்சியில் சுவரும் இல்லை, சாளரமும் இல்லை. மழைத்துளியைக் குடை மறைக்க, புண்பட்ட வீரரைக் காண அரசன் நள்ளிரவில் நடக்கிறான். அவன்முன் எரியும் விளக்குகளின் பருத்த சுடர்கள், வாடை வீசும்போதெல்லாம் தலைசாய்ந்து தெற்கு நோக்கி வளைகின்றன.